கதையும் ஆட்டமும்: யப்பானிய நிகழ்பட ஆட்டங்கள் பற்றியொரு நோக்கு

யப்பானிய நிகழ்பட ஆட்டங்களை அவற்றின் கதைவளத்திற்காகப் போற்றுவோர் பலர். ஆயின், கதை சிறந்திருத்தல் வேறு. அக்கதை ஆட்டத்தின் வாயிலாகவே புலப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டினை இரண்டு ஆட்டங்கள் நன்கு விளக்கும்.

1997 இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபான்டசி 7' இல், ஏரித் என்னும் நங்கை பகைவனின் வாளுக்கு இரையாகின்றாள். ஆடியோர் பலரின் உள்ளத்தை உருக்கிய இடம் அது. எனினும், போரில் வீழ்ந்த தோழரை மாயப்பொருளொன்றினால் எழுப்பிப் பழகிய கை ஈண்டுச் செயலற்று நிற்கின்றது. கதைக்கு ஒரு நியதி, ஆட்டத்திற்கு மற்றொன்று. பேணி வளர்த்த துணை இனிப் போருக்கு வாராள் என்னும் வெறுமையிலேயே இரண்டும் ஒருவாறு பொருந்துகின்றன.

2005 இல் ஃபுமித்தோ உவேதாவின் நெறியாள்கையில் வெளிவந்த 'ஷடோ ஒவ் த கொலோசஸ்' இதனின் வேறுபட்டது. இறந்த மங்கையை உயிர்ப்பிக்க விழையும் இளைஞன் 16 பேருருக்களைக் கொல்லல் வேண்டும்; கதை இவ்வளவே. உரையாடலும் மிகச் சில. பரந்த வெறுநிலத்திற் குதிரைமேற் செல்லும் தனிமையே எஞ்சுவது. பேருருக்களுட் சில தாமாக எவரையும் நாடித் தாக்குவனவல்ல. அவற்றின்மீது பற்றியேறி வாளைப் பாய்ச்சுபவன் ஆடுவோனே. வெற்றியின்பின் ஒலிப்பதோ துயர இசை; இளைஞனின் மேனியும் படிப்படியாகக் களையிழக்கின்றது. குற்றவுணர்வு இங்கே சொல்லப்படுவதன்று; செயலிற் பிறப்பது.

காட்சியாற் கதை கூறல் திரைப்படத்திற்கும் இயலும். 'செய்தவன் யானே' என உணரவைத்தல் ஆட்டத்திற்கே உரியது. அவ்வகையில் பின்னையதே உயர்ந்ததெனத் துணியலாம்.