‘அவர்கள்’ என்றும் ‘நீ’ என்றும்

2002ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், உலகின் பல நாடுகளில் சேர்ந்திசைக் குழுக்கள் தத்தம் ஊர் நேரப்படி காலை 8.46 மணிக்கு மோட்சார்ட்டின் ‘ரெக்வியம்’ என்னும் இரங்கலிசையைப் பாடத் தொடங்கின. ஓராண்டுக்கு முன் நியூயார்க்கில் முதல் விமானம் மோதிய நிமிடம் அது. சியாட்டில் நகரத்துப் பாடகர் குழுவினர் எண்ணித் தொடங்கிய முயற்சி இது. பாடியவர்களுள் பலர் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இறந்தோரை அவர்கள் கண்டதுமில்லை. அறியாதவருக்காக மனிதன் முறையாக அழ முடியுமா?

முடியும் என்பதற்கு அப்பாட்டின் வாசகமே சான்று. 1791இல் ஒரு பிரபு, இறந்த தம் இளம் மனைவியின் பொருட்டு மறைமுகமாக இதனை எழுதச் சொன்னார். முடிக்குமுன் அவ்வாண்டு டிசம்பர் 5இல் மோட்சார்ட் மறைய, சூஸ்மையர் என்பவர் நிறைவு செய்தார். ஒருத்திக்கென எழுந்த இசையாயினும், திருச்சபையின் பழைய இலத்தீன் வாசகம் இளைப்பாறுதல் வேண்டுவது ‘அவளுக்கு’ அன்று, ‘அவர்களுக்கு’. பெயரில்லாத அப்பன்மையினுள் எவரும் அடங்குவர். 1994இல், நம் நாட்டவரான ஜுபின் மேத்தா சரயேவோ நகரின் எரிந்த நூலகத்தினுள் இதனையே நடத்தினார். அங்கு மாண்டோருள் பெரும்பாலோர் அச்சமயத்தவர் அல்லர். எனினும் பாட்டு அவர்களைப் புறந்தள்ளவில்லை. இன்னொன்றும் நோக்கத்தக்கது: பாதி வழியில் வாசகம் ‘நான்’ என்று திரும்பி, பாடுவோன் தன் முடிவை எண்ணி நடுங்குகிறான்.

நம் ஒப்பாரியும் அத்தகையதே. வித்துராவுக்கு மேலே போணக்காட்டு லயங்களில் வாழ்ந்த நம் தேயிலைத் தோட்டக் குடும்பத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி அடியெடுக்க, மற்றவர் தோள் தழுவிச் சேர்ந்தழுவர். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவையும் சேர்த்தே அழுவாள். ஆனால் ஒப்பாரியின் இலக்கணம் ‘நீ’. உடலைப் பார்த்து, முறை சொல்லி அழைத்துக் கேட்பது. தொல்காப்பியர் வகுத்த கையறுநிலையிலும் இம்முன்னிலை உண்டு. பாரி மாய்ந்தபின் கபிலர் பறம்பு மலையையே விளித்து விடைபெற்றார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. மாண்டோர் 70 பேர். பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றை வேராகக் கொண்ட குடும்பத்தினர். நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகள் நிலவிய காலம். கிடைத்த உடல்களுள் பலவற்றை அங்கேயே ஒருசேரப் புதைத்தார்கள். அடியெடுக்க வேண்டியவளும் அடியைத் தொடர வேண்டியவளும் ஒரே மண்ணுக்குள் போனபின், யாரை யார் ‘நீ’ என்பது? உறவுமுறை இல்லாத நாம், செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாயடைத்திருந்தோம். துயரம் இல்லாமல் அன்று. துயரத்துக்குரிய பாட்டு இல்லாமல்.

அதனால், நம் சங்கங்களில் சேர்ந்திசை வேண்டும் என்று சொல்லும் இளைஞர்களோடு நான் உடன்படுகிறேன். ஆயினும் மோட்சார்ட்டை அப்படியே எடுத்துவந்தால் போதும் என்பதை ஏற்பதற்கில்லை. ரெக்வியம் கெஞ்சுகிறது, ‘ஏன்?’ என்று கேட்பதில்லை. இறந்தது எவ்வாறு என்ற பேச்சே அதில் இல்லை. ஒப்பாரியோ வழக்காடும். தெய்வத்தை ஏசும், உடன்பிறந்தான் சீர் செய்யாமல் போனதைச் சபையில் வைக்கும், மாமியார் வீட்டுக் கணக்கையும் விடாது. சரிவின் கீழ் ஓரறை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்க வைத்தது யார் என்று கேட்கும் வாய் ஒப்பாரிக்கே உண்டு. அதை நயமற்றது என ஒதுக்கிய நம் இசையரங்குகள் இழந்தது கொஞ்சமன்று.

எனவே எழுதப்பட வேண்டிய பாட்டில் ‘அவர்கள்’ என்னும் அகலம் மேலைநாட்டிலிருந்து வரட்டும். கேள்வி நம் பெண்களிடமிருந்து வரட்டும். அதை அறிந்த மூதாட்டியர் லயங்களில் குறைந்து வருகின்றனர். முதல் ஒத்திகைக்கு அவர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்த வேண்டும். பெட்டிமுடியில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. எதிரே உடலின்றி எப்படி அடியெடுப்பது என்பதை முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.