எதிரூர் கேலரியில் ஒரு டிக்கெட்

2014 டிசம்பர் 16. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் முதல் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரின் அரையிறுதி கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 என்று அடிவாங்கி வந்த சென்னையின் எஃப்.சி., அந்த மூன்று கோலையும் தொண்ணூறு நிமிடத்துக்குள் திருப்பிக் கொடுத்திருந்தது. சில்வெஸ்டர் ஒன்று, கேரளாவின் ஜிங்கன் மேல் பட்டு அவர்கள் வலைக்கே போனது ஒன்று, கடைசி மூச்சில் ஜேஜே ஒன்று. இனி நம்மைப் பிடிக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 117-ஆவது நிமிடத்தில் கேரளா பிளாஸ்டர்ஸின் ஸ்டீபன் பியர்சன் பந்தை வலைக்குள் தள்ளினார். மொத்தக் கணக்கு 4-3. இறுதிப்போட்டிக்கு அவர்கள் போனார்கள்.

எனக்கு அந்த கோலை விட அதற்கடுத்த சில நொடிகள்தான் நன்றாக நினைவிருக்கிறது. அத்தனை பெரிய ஸ்டேடியம் வாயடைத்துக் கிடக்க, ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் சட்டைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தன. அன்று அவர்கள்மேல் எனக்கு வந்தது கோபம் இல்லை, பொறாமை. அடுத்தவன் ஊரில், அடுத்தவன் கேலரியில் உட்கார்ந்து இப்படி ஒரு ராத்திரி நமக்கும் வாய்க்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த மஞ்சள் சட்டைகள் எல்லாம் கொச்சியிலிருந்து ரயிலேறி வந்தவை அல்ல. பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எந்த கம்பெனியின் எந்த மாடிக்குப் போனாலும் ஒரு கோழிக்கோடு, ஒரு மலப்புரம், ஒரு திருச்சூர் இருக்கும். நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் அறையெடுத்துத் தங்கியிருக்கும் மலையாளப் பையன்கள், கேரளா ஆட்டம் என்றால் பையில் ஒரு மஞ்சள் சட்டையோடு காலையிலேயே ஆபீஸ் வருவார்கள். மாலை நாலரைக்கு நாங்களும் அவர்களும் ஒரே பஸ்ஸில் திருவான்மியூர் போய், ஒரே பறக்கும் ரயிலில் பார்க் டவுன் இறங்கி, ஸ்டேடியம் வாசலில்தான் பிரிவோம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் சேர்ந்தே வந்துவிட்டு அடுத்த இரண்டு மணி நேரம் எதிரிகள். ஆட்டம் முடிந்தால் தாம்பரம், குரோம்பேட்டை ஆட்களுக்கு பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் இருக்கிறது. ஓ.எம்.ஆர். ஆட்களுக்கு நள்ளிரவில் ஷேர் டாக்ஸிதான் கதி. அதிலும் நீலமும் மஞ்சளும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டுதான் வீடு திரும்பும்.

நம் ஊரில் கால்பந்து ரசிகர் என்றால் உள்ளூர் ஆட்டத்துக்கு வருபவர் என்று மட்டுமே கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு போதாது. தன் அணியை உண்மையாகவே அறிந்தவர், அது எதிரூரில் ஆடுவதை ஒரு முறையாவது நேரில் பார்த்தவர்தான். இதை நான் கற்றுக்கொண்ட இடம் கொச்சியின் கலூர் ஸ்டேடியம்.

2020 ஜனவரி 31, வெள்ளி இரவு. சென்ட்ரலில் திருவனந்தபுரம் மெயில் ஏறினோம், ஒன்பது பேர். நான்கு பேர் தாம்பரம் பக்கம், மற்றவர்கள் ஓ.எம்.ஆர். எங்களோடு என் பக்கத்து மேசைக்காரரும் வந்தார். திருச்சூர்க்காரர், பிறந்ததிலிருந்தே மஞ்சள். "நீங்க ஜெயிச்சா நாளைக்கு ராத்திரி சாயா என் கணக்கு. தோத்தா ஒன்பது பேரும் ஆளுக்கொண்ணு வாங்கித் தரணும், சரியா?" என்று ரயிலிலேயே ஒப்பந்தம் போட்டார். மறுநாள் மாலை கொச்சி மெட்ரோவில் ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கியபோது எங்கள் நீலச் சட்டைகளைப் பார்த்து நடைமேடையே திரும்பியது. ஒரு பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சென்னை என்றதும், இவ்வளவு தூரமா என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முதல் பாதியின் கடைசிச் சில நிமிடங்களில் சென்னையின் மூன்று கோல் அடித்தது. கிரிவெல்லாரோ இரண்டு, நடுவே வால்ஸ்கிஸ் ஒன்று. 0-3. இடைவேளையில் அந்த ஸ்டேடியம் இருந்த நிலையை நான் நன்றாக அறிவேன். 2014-இல் நாங்கள் இருந்தது போலவே இருந்தது.

பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. இரண்டாம் பாதி தொடங்கியதுமே கேரளாவின் ஒக்பெச்சே ஒன்றைத் திருப்பினார். நம் சாங்டே நான்காவதை அடித்தார். ஒக்பெச்சே மறுபடியும், அப்புறம் இன்னொரு முறையும் அடித்து ஹாட்ரிக் எடுத்தார். 3-4. ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கிறது. அந்த மூன்றாவது கோலுக்கு எழுந்த சத்தத்தைத் தொலைக்காட்சி காட்டவே முடியாது. கான்கிரீட் படி அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. கீழே நம் தடுப்பு வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொரு அலறலுக்கும் ஒரு எட்டு பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். யார் கத்துவதும் யார் காதிலும் விழவில்லை, கையால்தான் பேசிக்கொண்டார்கள். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே இடைவெளி அகன்றுகொண்டே போனது. டிவி பந்தின் பின்னாலேயே ஓடும், இது அதில் தெரியாது. சொந்த ஊர் கேலரியிலும் தெரியாது, ஏனென்றால் அங்கே கத்துவது நாம். ஒரு கூட்டம் ஒரு தடுப்பு வரிசையை எப்படிப் பின்னால் தள்ளும் என்பதை அந்தக் கூட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தால்தான் காண முடியும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லோரும் பின்வாங்கியபோதும் சாங்டே மட்டும் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி உயரத்திலேயே நின்றார். பாதுகாப்புக்கு இறங்கி வா என்று எங்களில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். அவர் இறங்கவில்லை. 3-4 ஆகி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கேரளா எல்லோரையும் முன்னால் அனுப்பிய நேரத்தில் அதே சாங்டே ஐந்தாவது கோலை அடித்தார். கடைசியில் வால்ஸ்கிஸ் ஆறாவதைப் போட்டார். 3-6. அதற்கு முந்தைய டிசம்பரில் பயிற்சியாளர் ஓவன் காயில் பொறுப்பேற்றபோது பட்டியலின் அடிப்பக்கம் கிடந்த அணி அது. இறுதிப்போட்டி வரை அவர் கொண்டுபோனதன் ரகசியத்தைப் பலரும் வேகம், அழுத்தம் என்று எழுதினார்கள். என் கணக்கில் அது துணிச்சல். முன்னணியில் இருக்கும்போதும் ஒரு வேகக்காரனை மேலேயே நிறுத்திவைக்கும் துணிச்சல்.

சாயா ஒப்பந்தத்தைத் திருச்சூர்க்காரர் காப்பாற்றினார். ஒன்பது கிளாஸ், கலூர் ரோட்டோரக் கடையில். திங்கட்கிழமை சிறுசேரி கேண்டீனில் அவர் பேச்சே எடுக்கவில்லை, நாங்களும் சீண்டவில்லை. ஒக்பெச்சேயின் மூன்றையும் அவர் கண்ணெதிரே பார்த்து, வாய்விட்டுப் பாராட்டிவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

அதற்குப்பின் நீண்ட நாளுக்கு அப்படி ஒரு பயணமே இல்லாமல் போனது. மார்ச் 14 அன்று கோவாவில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் இறுதிப்போட்டியை 3-1 என்று தோற்றபோது ஃபடோர்டா ஸ்டேடியம் காலியாக இருந்தது. அடுத்த இரண்டு சீசன்களும் கொரோனாவால் கோவாவிலேயே, ஏறக்குறைய முழுதும் ஆளில்லாத அரங்குகளில் நடந்தன. சொந்த ஊர், எதிரூர் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லாத இரண்டு சீசன்கள். அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கோல் விழுந்தால் ஆடுபவர்களின் குரல் மட்டும் கேட்கும்.

கலூருக்கு முன்னால் பெங்களூரு இருக்கிறது. 2018 மார்ச் 17, கண்டீரவா ஸ்டேடியம், இறுதிப்போட்டி. லீக் பட்டியலில் 40 புள்ளிகளோடு முதலில் நின்றது பெங்களூரு, 32 புள்ளிகளோடு இரண்டாவது நாம். ஆட்டம் நடந்ததும் அவர்கள் வீட்டிலேயே. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டதும் கதை முடிந்தது என்றே நினைத்தோம். அப்புறம் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். கடைசியில் மிக்கு ஒன்றைத் திருப்பியும் 3-2, கோப்பை சென்னைக்கு. ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது பெங்களூரு ரசிகர் ஒருவர் தன் நீல ஸ்கார்ஃபைக் கழற்றி எங்களில் ஒரு பையனுக்குக் கொடுத்தார். இரண்டு அணிக்கும் நிறம் நீலம்தான், அவர் நீலம் கொஞ்சம் அடர்த்தி. அந்த ஸ்கார்ஃப் இன்றும் சேலையூரில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

சொந்த ஊர் ஆட்டத்தையே வெளியூரில் ஆடவேண்டி வந்த கதையும் நமக்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. தாம்பரம் பக்கத்து ரசிகர்கள் பலர் வீட்டு மாடியில் இருந்தார்கள். நேரு ஸ்டேடியத்தில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று, ஆதரிக்க ஊர்க்கூட்டம் இல்லாத மைதானத்தில், அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வென்றது சென்னையின். எட்டு நாள் கழித்து கோவாவில், கோவாவையே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையும் வாங்கியது. தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்த ஆட்டம் அது. இரண்டு கோப்பைகளுமே எதிராளியின் சொந்த மண்ணில் வாங்கியவை என்பதை இந்த கிளப்பின் ரசிகர்களே அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

ஒரே ஊரில் இரண்டு கிளப் இருந்தும் நமக்கு உள்ளூர் டெர்பி வாய்க்காமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம். சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19-இல் ஐ-லீக் சாம்பியன். பெட்ரோ மான்சியின் 21 கோல்கள், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திய முடிவு, எல்லாம் அந்த சீசனில்தான். அதன் சொந்த ஊர் ஆட்டங்கள் நடந்ததோ கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். ஒரு கிளப் ஐ.எஸ்.எல்., இன்னொன்று ஐ-லீக். இரண்டும் லீகில் ஒருமுறைகூட மோதவில்லை. நெய்வேலிக்காரர் எட்வின் வன்ஸ்பால் அந்த சாம்பியன் அணியிலிருந்து சென்னையினுக்கு வந்தார், அவ்வளவுதான் தொடர்பு. பெரியமேட்டில் ஒரு சனிக்கிழமை இரண்டு சென்னைகள் மோதியிருந்தால் வடசென்னையும் தென்சென்னையும் எப்படித் திரண்டிருக்கும்!

டெர்பி என்றால் என்னவென்று அறிய கொல்கத்தாவின் மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால் மோதலைப் பார்க்கலாம். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக்கில் திரண்டவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். அதே டெர்பிதான் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் கலவரத்தில் 16 ரசிகர்களைப் பலிகொண்டது. பகை முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த நாள் போதும். 2023 ஆகஸ்டில், எட்டு டெர்பிகளாகத் தொடர்ந்து தோற்றிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றிக் கோலை அடித்தவர் நம் சென்னை நந்தகுமார் சேகர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று டெர்பி ரத்தானபோது, ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நியாயம் கேட்டு மோகன் பாகான் சட்டையும் ஈஸ்ட் பெங்கால் சட்டையும் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக நின்றன. பல பத்தாண்டுகள் ஒருவர் கேலரியை ஒருவர் பார்த்து வளர்ந்தவர்களால்தான் அப்படி நிற்க முடியும்.

நம் பயணங்கள் எல்லாம் கலூர் போல இனிமையானவை அல்ல. ஓர் ஊரில், பெயர் வேண்டாம், வாசலில் நிறுத்தி அணிச் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போ என்றார்கள். எங்களோடு வந்த இரண்டு பெண்கள் அதைக் கேட்டுக் கலங்கிப் போய், ஆட்டம் பார்க்காமலேயே ரயில் நிலையத்துக்குத் திரும்பினார்கள். டிக்கெட் காசை விட அந்த அவமானம்தான் உறுத்துகிறது. அதற்குப்பின் அவர்கள் எந்த வெளியூர் ஆட்டத்துக்கும் வரவில்லை.

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. எதிரணி ரசிகர்களுக்கென்று ஒரு தனிப் பகுதி, அதற்குத் தனி வாசல், அங்கே பெண் காவலர், சுத்தமான கழிப்பறை. இவ்வளவு போதும். அடுத்தது தேதி. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய ஐ.எஸ்.எல். சீசனின் அட்டவணையிலோ பாதியைத்தான் முதலில் கொடுத்தார்கள், அதுவும் தொடர் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது. வெயிட்டிங் லிஸ்டில் நின்று எந்த ரசிகர் வெளியூர் போவார்? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டபோது, எங்கள் மஞ்சள் நண்பர்களும் நாங்களும் ஒரே கவலையோடு ஒரே மேசையில் சாப்பிட்டோம். எதிரி இல்லாத சீசன் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது.

ஆகவே கிளப் நிர்வாகங்களுக்கும் லீக் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டவணையை முழுதாக, முன்பதிவு திறக்கும் முன்பே கொடுங்கள். ஒவ்வொரு ஸ்டேடியத்திலும் எதிரூர் ரசிகருக்கு ஐந்நூறு இருக்கைகளாவது ஒதுக்குங்கள். பெரியமேட்டிலிருந்தே தொடங்குவோம். கொச்சியிலிருந்து வருபவர்களுக்கு முதல் ஐந்நூறை நாமே கொடுப்போம்.