தொடக்ககால சினிமாவைப் பற்றிய படங்களில் பிழை காணல்

தொடக்ககால சினிமாவைக் கதையாக்கும் படங்களில் மூவகைப் பிழைகள் காணப்படுகின்றன: அக்காலத்தில் இல்லாதது இடம்பெறுவது, நிகழ்ச்சிகளின் ஆண்டு மாறுவது, தவறான நம்பிக்கை உண்மையாகக் காட்டப்படுவது.

முதல் வகை எளிதில் பிடிபடும். 1927 முதல் 1932 வரை நடக்கும் 'தி ஆர்டிஸ்ட்' (2011) கதையில், 1958இல் வந்த 'வெர்ட்டிகோ' படத்தின் இசை ஒலிக்கிறது. தெரிந்தே செய்த இத்தேர்வால் வரலாறு திரிவதில்லை. இரண்டாம் வகை கனமானது. 'ஹியூகோ' (2011) படத்தில், மறக்கப்பட்டிருந்த பிரெஞ்சு மௌனப்பட இயக்குநர் மெலியேயின் மறுவாழ்வு 1931இல் நிகழ்கிறது. பாரிசில் அவருக்குப் பாராட்டு விழா நடந்ததோ 1929 டிசம்பரில். திரையில் வந்த ரயிலைக் கண்டு மக்கள் மிரண்டதாக அதே படம் காட்டுவது மூன்றாம் வகை. அதற்கு உறுதியான சான்று இல்லை.

மூலப்படம் அழிந்த இடத்தில்தான் பிழை காண்பவரின் பணி மிகவும் தேவைப்படுகிறது. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்', ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்', எச்.எம். ரெட்டியின் 'காளிதாஸ்' ஆகிய மூன்றும் இன்று இல்லை. டேனியலையும் அவரது படத்தின் நடிகை ரோசியையும் பலர் அறிவது அவர்களைப் பற்றிய 'செல்லுலாய்ட்' (2013) படம் வழியாகவே. அத்தகைய படத்தில் விழும் பிழையைத் திருத்த மூலப்படம் கைக்கு வராது.

பிழை காண்பவரும் தவறலாம். 'விகதகுமாரன்' வெளியான ஆண்டு 1928 என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. பிற்கால ஆய்வு 1930 என்கிறது. 'கீசகவதம்' வெளியான ஆண்டும் நூலுக்கு நூல் 1916, 1917, 1918 என்று மாறுகிறது. ஒரே நூலை நம்பித் தீர்ப்புச் சொல்ல இங்கு இடமில்லை.

'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வடசென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரையிடப்பட்டது. தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் அதில் தெலுங்கும் ஒலித்தது. அத்திரையிடலைக் காட்டும் ஒரு படத்தில் தெலுங்கு கேட்டால், அதைப் பிழை என்பவரே பிழை செய்கிறார். மௌனப்படக் கொட்டகையில் வாத்திய இசையும் கதை விளக்குபவரின் குரலும் கேட்பதும் அவ்வாறே சரியானது. மாறாக, அன்றைய ரசிகர்கள் எப்போதும் வெட்டிவெட்டி ஓடும் உருவங்களையே கண்டதாகக் காட்டுவது பிழை; குறைந்த வேகத்தில் எடுத்த சுருளைப் பிற்காலத்தில் நொடிக்கு 24 சட்ட வேகத்தில் ஓட்டியதன் விளைவே அந்த ஓட்டம். இதைச் சுட்டுவோர் குறைவு.

ஆகவே, பிழைகளின் எண்ணிக்கையை விட அவற்றின் விளைவே அளவுகோலாக வேண்டும். பார்வையாளரின் வரலாற்று அறிவை மாற்றாத பிழையைக் குறித்துவிட்டுக் கடக்கலாம். மாற்றும் பிழையைச் சான்றோடு மறுக்க வேண்டும். சான்றுகளே முரண்படும்போது இரு கூற்றையும் பதிவுசெய்வதே முறை.