மொட்டைக் கடுதாசியும் ஒரு சாட்சியம்

காட்டிக்கொடுத்தல், கோள்மூட்டுதல், போட்டுக்குடுத்தல். வேலையிடத்து அநியாயத்தை வெளியே சொல்பவனுக்குத் தமிழ் வைத்திருக்கும் வசவுகள் இவை. கூட வேலை செய்பவனைப் பற்றி சூப்பர்வைசரிடம் ஓதுவதற்கும், சூப்பர்வைசரின் திருட்டைச் சர்க்காருக்கு எழுதுவதற்கும் ஒரே சொல்! ‘இடித்துரைப்பாளர்’ என்றொரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறார்கள். வேப்பம்பட்டில் ரயிலேறிக் காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிற எங்கள் பையன்கள் வாயில் அது வந்து நான் கேட்டதில்லை. தின்ற உப்புக்கு வாய்மூடிக் கிட என்கிற பண்ணையின் சொல்லாடல் நம் நாக்கிலேயே குடியிருக்கிறது.

சொல்பவன் தலித் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் 1995 வாக்கில் மதுரையில் சுடுகாட்டுக் கூரைத் திட்ட முறைகேட்டை வெளிக்கொணர்ந்தார். (சுடுகாட்டு வேலையைத் தலைமுறையாக நம் தலையில் கட்டியவர்கள், அதன் கூரைக் கணக்கைக் கேட்கவும் நம்மில் ஒருவர் வரும்படி விட்டார்கள்.) அந்த வழக்கில் 2014இல் முன்னாள் அமைச்சர் உள்ளிட்டோருக்குத் தண்டனை, 2023இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உமாசங்கரோ 2010 ஜூலையில் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். எஸ்.சி. சான்றிதழ் பொய் என்பது குற்றச்சாட்டு. எல்காட்டில் இருந்தபோது முறைகேடுகளைக் கிளறியதற்கான பழிவாங்கல் இது என்றார் அவர். தாழ்த்தப்பட்டோர் ஆணையம்வரை போனார், எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த மாதமே உத்தரவு வாபஸ். இந்தப் பிரதியில் நாம் வாசிக்க வேண்டியது கேள்வி இடம் மாறியதைத்தான். ‘பணம் எங்கே போச்சு?’ என்று கேட்டவரிடம் ‘நீ என்ன சாதி?’ என்று திருப்பிக் கேட்டார்கள்.

அவருக்காவது உத்தரவு என்று ஒரு காகிதம் இருந்தது. பிரஸ் மிஷினில் விரலைக் காக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்று எழுதிப்போடும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குக் காகிதமே கிடையாது. ‘நாளைலேர்ந்து வராதே’ என்பதோடு சரி. 2014இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பத்தாண்டு கழிந்தும் அமலுக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியரின் முறைகேட்டுக்குத்தான், தனியார் பட்டறைக்கு இல்லை. பெயர் போடாத புகாரை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

அதனால் அவன் மொட்டைக் கடுதாசி எழுதுகிறான். ‘ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கி, தேதி, ஷிப்ட், மிஷின் நம்பர் எல்லாம் போட்டு, கையெழுத்து இடத்தை மட்டும் வெறுமையாக விடுகிறான். தலித் தன்வரலாறு பேசும் விமர்சகர்கள் ‘நான்’ என்ற பெயருள்ள குரலையே தேடுகிறோம். மடத்துக்குள் இருந்த சாதியைப் பாமா 1992இல் ‘கருக்கு’வில் எழுதினார், மடத்தைவிட்டு வெளியே வந்த பிறகுதான் எழுத முடிந்தது. உள்ளேயே இருந்து நாளைக்கும் கார்டு பஞ்ச் பண்ண வேண்டியவன் எந்தப் பெயரில் எழுதுவான்? பெயர் இல்லையென்று அரசாங்கம் ஒதுக்குகிற அதே கடுதாசியை நம் பத்திரிகைகளும் ஏன் ஒதுக்குகின்றன?