தூற்றிப் போட்ட கதை

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேசியவர், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய நூலைத் தூற்றிப் பதரை நீக்கி நெல்லை நமக்குத் தந்தார் என்று சொன்னார். மண்டபம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. அந்தப் 'பதர்' என்ன என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

சுவாமியாரின் பெருமையில் எனக்கு ஐயம் கிடையாது. 1875இல் மானிப்பாயில் பிறந்து, புகையிரதப் பகுதியில் இலிகிதராக இருந்து, 1901இல் குருவானவர். பன்மொழி அறிஞர். போத்துக்கேயர் குறிப்புகளையும் சிங்கள நூல்களையும் நம்முடைய ஏடுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எழுதினார். வைபவமாலை சொல்வதெல்லாம் வரலாறு என்று நம்பிக்கொண்டிருந்த ஊருக்கு அது வேண்டியிருந்தது. 1947இல் மறையும்வரை அவர் ஓயவில்லை. இவ்வளவும் உண்மை.

என் குறை அவர் படித்த முறையில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்க மயில்வாகனப் புலவர் எழுதிய நூல் வைபவமாலை. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவை அதன் மூலங்கள் என்பார்கள். பின்னிரண்டும் இன்று நம் கையில் இல்லை. அப்படி மிஞ்சிய நூலைச் சுவாமியார் கூண்டில் ஏற்றிய சாட்சியைப்போல விசாரித்தார். எந்த ஆண்டு, எந்த அரசன், வேறு சான்று உண்டா? சாட்சி தடுமாறிய இடமெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளுபடி. அவருக்குப் பின் வந்தவர்கள் தீர்ப்பை மாற்றினார்களே தவிர, கூண்டை அகற்றவில்லை. வரலாற்றாசிரியர் முதலியார் இராசநாயகத்தோடு அவருக்கு இருந்த கருத்து வேறுபாடுகூட ஆண்டையும் அரச மரபையும் பற்றியதுதான்.

வைபவமாலையில் வரும் மாருதப்பிரவல்லி கதையை எடுப்போம். சோழன் மகள். குதிரைமுகம். கீரிமலையில் நீராடி முகம் மாறுகிறது, மாவிட்டபுரத்தில் கோயில் எழுகிறது, சிங்கமுகமுள்ள உக்கிரசிங்கன் அவளைக் கவர்ந்து போகிறான். குதிரைமுகத்துக்குக் கல்வெட்டுச் சான்று கிடைக்காது. ஆனால் இந்தக் கதையைக் கட்டியவன் எதைக் கண்டு கட்டினான்? கீரிமலைக் கேணியில் இறங்கிப் பாருங்கள். ஒரு சுவருக்கு அப்பால் கடல் அடிக்கிறது. இப்பால் நிற்கிற தண்ணீரை அள்ளி வாயில் வைத்தால் நல்ல தண்ணீர். உவர் நிலத்தில் வாழ்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அற்புதம் என்ன? பூநகரியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டுக் கிணறு உவர்த்துப் போய், குடத்தோடு துரவுக்கு நடந்து, கோடையில் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். கடலோரத்து நன்னீர் ஒரு பெண்ணின் முகத்தைத் திருப்பித் தந்தது என்று ஒரு சமூகம் சொல்லியிருக்கிறது. அந்தச் சமூகத்தின் தாகம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. வாசிக்கவே இல்லையே என்பதுதான் என் குறை.

கதையை வரலாறாக மட்டுமே பார்க்கும் இந்தத் தவறு வெளியுலகிலும் நடந்தது. ஸ்பானிய இடைக்கால இலக்கியத்தின் பேரறிஞர் ரமோன் மெனெண்டெஸ் பிதால், சித் என்ற வீரனைப் பாடும் காவியத்தை நம்பத்தக்க வரலாறாகவே நிலைநிறுத்தப் பார்த்தார். 1948இல் லியோ ஸ்பிட்சர் அதை மறுத்து, இது கவிஞனின் படைப்பு, படைப்பாகவே வாசியுங்கள் என்றார். ஆனாலும் பிதாலிடம் நம்மவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. 1900இல் மணமான புதிதில் மனைவி மரியா கொய்ரியோடு பயணம் போனபோது, ஓஸ்மா என்ற ஊரில் துணி வெளுக்கும் ஒரு பெண் பாடிய பாட்டு 1497இல் இறந்த இளவரசன் குவானைப் பற்றியது என்று இருவரும் கண்டுகொண்டார்கள். நானூறு ஆண்டு ஒரு பாட்டு ஏட்டில் இல்லாமல் வாயில் வாழ்ந்திருக்கிறது. அதன்பின் இருவரும் ஆயுள் முழுவதும் அத்தகைய பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? வையாபாடல் அடங்காப்பற்று எனப்பட்ட வன்னியின் கதை, வன்னியர் கதை. க. செ. நடராசா 1980இல் அதைப் பதிப்பித்துத் தந்தது பெரிய உதவி. ஆனால் அந்த வன்னியில் யார் அந்தக் கதைகளை எப்படிச் சொன்னார்கள், எந்தப் பெயர் எந்தக் குளத்துக்கு இன்னும் நிற்கிறது என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? பூநகரி மண்ணைத் தோண்ட வந்தார்கள். பேராசிரியர் புஷ்பரட்ணத்தின் பூநகரித் தொல்பொருளாய்வு 1993இல் நூலாயிற்று. அதே அக்கறை இங்குள்ள கிழவிகளின் வாய்க்குக் கிடைக்கவில்லை. பிறகு போரால் இடப்பெயர்வு. சொல்லத் தெரிந்தவர்கள் பலர் முகாம்களிலேயே கண்ணை மூடினார்கள்.

தூற்றினார் என்று பேசியவருக்கு ஒன்று சொல்வேன். மொட்டைக்கறுப்பன் நெல் சூடடித்த களத்தில் வைக்கலையும் நாங்கள் வீசுவதில்லை. மாடு அதைத்தான் தின்கிறது, அந்த மாடு இல்லாமல் அடுத்த போகம் இல்லை என்றிருந்த ஊர் இது.

வைபவமாலைக்கும் வையாபாடலுக்கும் இன்னொரு பதிப்பு வர வேண்டும். அதைச் செய்யப்போகும் மாணவர்கள் அடிக்குறிப்பில் ஆண்டைத் திருத்துவதோடு நில்லாமல், கதையைக் கதையாக எடுத்து உரை எழுதுங்கள். அதற்கு முன் ஒரு முறை சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து இங்கே வாருங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.