ஹெக்கலின் ஏணி

ஜேர்மனிய விலங்கியலாளர் ஏர்னஸ்ட் ஹெக்கல் 1881 இறுதியில் இலங்கை வந்தார். வெலிகம வாடிவீட்டில் வாரக்கணக்கில் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். பின்பு மலையகம் ஏறி ஹோர்ட்டன் சமவெளிவரை போனார். 1883இல் வெளியான அவரது பயணநூல் அழகானது. அதை மறுப்பதற்கில்லை. ஊரார் ஒதுக்கிவைத்த ரொடியச் சாதிச் சிறுவன் ஒருவன் அதில் வருகிறான். பணிக்கு வந்த அவனுக்குக் கிரேக்கப் புராணத்துக் கனிமீட்டின் பெயரைச் சூட்டுகிறார் (சொந்தப் பெயர் போதாதாக்கும்!). ஆயினும் வெலிகமவை விட்டுப் புறப்படுகையில் அவனைப் பிரிவதே தமக்குக் கடினமாயிருந்ததென்கிறார். கண்டதை உள்ளபடி எழுதிய இடம் அது.

கோட்பாடு எழுத உட்கார்ந்ததும் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. 1904இல் வந்த 'உயிரின் அதிசயங்கள்' நூலில், நம் நாட்டு வேடர்கள் உளவியலளவில் ஐரோப்பியரைவிடக் குரங்குக்கும் நாய்க்குமே நெருக்கமானவர்கள் என்கிறார். ஆகவே அவர்களது உயிரின் பெறுமதியும் வேறாம்!

'அந்தக் காலம் அப்படி' என்று சமாதானம் சொல்வோர் நம்மிடையேயும் உளர். ஹெக்கல் இரண்டு வயதுக் குழந்தையாயிருந்த 1836இலேயே, மூளைகளை அளந்து பார்த்த டீடமான் ஆபிரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் அடிப்படை வேறுபாடில்லை என்று எழுதிவிட்டார். அவரும் ஜேர்மனியரே.

2019இல், ஹெக்கல் மறைந்த நூற்றாண்டில், அவர் கற்பித்த யேனா நகரில் கூடிய விலங்கியலாளர்கள், இனம் என்ற கருத்தே இனவாதத்தின் விளைவுதான் என்று அறிக்கை விட்டனர். தாமதந்தான்.

'சூழலியல்' என்ற துறைக்கு 1866இல் பெயரிட்டவரும் இவரே. நோர்வூட்டில் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, வேடர் கதையையும் சொன்னேன். "அந்த ஏணியில நாங்க எத்தனையாவது படி, சேர்?" என்றாள் ஒரு பிள்ளை. மனிதரை 12 இனங்களாகப் பிரித்து, மத்தியதரையாரை உச்சியில் வைத்து, திராவிடரைத் தனியே கீழே எழுதியதைச் சொல்லவேண்டியதாயிற்று.