துஆவுக்குப் பக்கத்தில் மாத்திரை

ஏர்வாடி என்றதும் நம்மில் பலருக்கு 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வரும். கீற்றுக் கொட்டகை, காலில் சங்கிலி, தீயில் வெந்து மடிந்த 28 மனநோயாளிகள். இன்று அதே ஊரை மனநலக் கூட்டங்களில் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய ‘மருந்தும் துஆவும்’ (துஆ என்றால் பிரார்த்தனை) திட்டம் இங்கும் வந்து, ஏர்வாடி தர்காவை ஒட்டி மனநல மருத்துவரை உட்காரவைத்ததுதான் காரணம்.

சங்கிலிக்கு மாத்திரை எவ்வளவோ மேல். அதில் எனக்குச் சண்டையில்லை.

சண்டை, அதற்குச் சொல்லும் நியாயத்தோடு. ‘மக்கள் நம்பிக்கையால் வருகிறார்கள், ஆகவே சிகிச்சையும் அங்கேதான் போக வேண்டும்’ என்கிறார்கள். துணைக்கு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வை இழுப்பார்கள். திண்டுக்கல் பக்கம் முத்துசாமி கோயிலில் தங்கியவர்களுக்கு நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தனவாம். ஆய்வில் இருந்தவர்கள் 31 பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நம்பிக்கையால் முதலிலேயே மந்திரிக்கப் போகிறவர்கள் உண்டுதான். ஆனால் எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டுத்தான் தர்காவுக்கு வருகின்றன. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. இரண்டு பஸ் மாறிப் போனால், டாக்டர் மூன்று நிமிடம் பார்ப்பார். நோயின் பெயர் கேட்டால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு பொய். மாத்திரை போட்டதும் எச்சில் ஒழுகும், கை நடுங்கும். இப்படி ஆகும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பயந்து நிறுத்துவார்கள், நோய் திரும்பும். ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து, அக்கம்பக்கத்தின் பேச்சுக்கும் கூசி, எல்லாம் தீர்ந்த பிறகு வந்து விழுகிற இடம் தர்கா. கடைசியில் வந்து சேர்ந்த இடத்தை அவர்கள் விரும்பித் தேர்ந்த இடம் என்று எழுதிக்கொள்கிறோம். அரசுக்கு இதைவிட வசதியான மானுடவியல் கிடைக்காது. ஆஸ்பத்திரி இல்லாத குறை, பண்பாட்டுக்குக் காட்டும் மரியாதையாகிவிடுகிறது. சர்க்கரை நோய்க்காரரிடம் ‘உங்கள் நம்பிக்கையை மதித்துக் கோயில் வாசலில் இன்சுலின் தருகிறோம்’ என்று சொல்லிப் பார்க்கட்டும்.

தர்காவில் கிடப்பவர்கள் ஊர் திரும்பக் கனவில் உத்தரவு வர வேண்டும் என்பது நம்பிக்கை. வந்ததும் ஒரு மாத மாத்திரையோடு பஸ் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தோராம் நாள் அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரிஸ்பெரிடோன் மாத்திரை இருக்குமா என்று, இந்தத் திட்டத்தைப் புகழ்கிற ஒருவர்கூட விசாரித்து நான் கேட்டதில்லை.